பிடரியன் பின்னால் வந்த புதன்கிழமை

சலூன்காரருக்குப் பயம் என்பது பல் துலக்குவது மாதிரி. காலையில் எழுந்ததும் தொடங்கிவிடும். இடி இடித்தால் பயம். லாரி பின்பக்கமாக வந்தால் பயம். தொழிலுக்கு வந்த புதிதில் தன் கையிலிருக்கும் கத்தியைப் பார்த்தே இரண்டு வருஷம் பயந்துகொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவியோ, பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

தார் ரோடு மலையில் ஏறி ஏறிக் களைத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில் அவருடைய கடை. இரண்டு நாற்காலி, ஒன்றுக்குக் கால் சரியில்லாமல் செங்கல் வைத்திருக்கும். சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடி மாட்டிய சுவருக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும், அதுதான் வீடு. மனைவி அரசாங்க நர்ஸ். சுற்றிலும் ஐந்து ஊர் அவள் பொறுப்பு. நாலு ஊருக்கு ஜீப் போகும். ஐந்தாவது, மேலே ஆடு வளர்க்கிறவர்களின் குடியிருப்பு, முப்பது வீடு. அதற்கு ஒற்றையடிப் பாதைதான். இரண்டரை மணி நேர ஏற்றம். பன்னிரண்டு வருஷமாகப் புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறாள். போகிற வழியில் பாம்பு பார்த்ததையும் மண் சரிந்ததையும் ஏதோ கடைத்தெருவில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி வந்து சொல்வாள்.

உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர் ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

"மாஸ்டர், விஷயம் தெரியுமா. பிடரியன் இறங்கிடுச்சு."

கத்தி அந்தரத்தில் நின்றது. "எங்க?"

"மேல் குடியிருப்புக்குப் போற பாதையில. இடிஞ்ச ஆட்டுப்பட்டி ஒண்ணு இருக்குல்ல, அதுக்குக் கிட்ட. நேத்து மத்தியானம் ஒரு கோவேறு கழுதையை அடிச்சிருக்கு. ஆட்டுக்குட்டி இல்ல மாஸ்டர், முழுசா வளர்ந்த கோவேறு கழுதை."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கறேன்? பாத்தவன் சொன்னான். அவன் இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கான்."

சலூன்காரர் அந்த மிருகத்தைக் கண்ணால் கண்டதில்லை. கேள்விப்பட்டதே போதுமானதாக இருந்தது. பிடரியன் ஓநாய் சாதிதான். ஆனால் பிடரியனைப் பார்த்துவிட்டு ஓநாயைப் பார்த்தால் பால்குடி மறக்காத குட்டி என்று தோன்றுமாம். தோள் உயரம் ஒரு கன்றுக்குட்டிக்கு இருக்கும். முன்கால் நீளம், பின்கால் குட்டை. நனைந்த சிலேட்டு நிறம். கழுத்தில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக வால்வரை ஒரு பிடரி, ஒரு சாண் மயிர். ஊளையிடாது. வயதான மனிதர் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மற்ற வேட்டை மிருகங்களுக்கு இருட்டு என்றால் இதற்கு உச்சிவெயில். சாயங்காலமானால் கண் மங்கி குகைக்குள் போய்விடும். எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை, மேலே பனி அதிகமாக விழுந்த வருஷம், இந்தப் பக்கம் இறங்கியதாகச் சொல்வார்கள்.

"ஓநாய்க்குப் பெரியப்பான்னு வச்சுக்கோங்க" என்றார் லாரிக்காரர். பிறகு கண்ணாடியில் சலூன்காரர் முகத்தைப் பார்த்து, "ஐயோ, நர்ஸம்மா புதன்கிழமை அந்த வழியாத்தானே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "மாஸ்டர், கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

அன்று சாயங்காலம் நர்ஸ் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சலூன்காரர் மூன்று முறை உள்ளே போய் மூன்று முறை வெளியே வந்தார்.

"என்னங்க, காலைத் தேய்க்கவா நடக்கறீங்க?" என்றாள் நர்ஸ்.

"புதன்கிழமை நீ போக வேண்டாம்."

"எந்தப் புதன்கிழமை?"

"இனிமே வர்ற எல்லாப் புதன்கிழமையும்."

"சரி, போகல. பதினோரு குழந்தைங்களுக்கு ஊசி பாக்கி. அந்த மேய்ச்சக்காரர் பொண்டாட்டிக்கு ஏழு முடிஞ்சு எட்டாம் மாசம், கால் ரெண்டும் வீங்க ஆரம்பிச்சிருக்கு. அதையெல்லாம் யார் பாக்கறது? நீங்க வேணா பிடரியன்கிட்டப் பேசிப் பாருங்க, வியாழக்கிழமை வரச் சொல்லி."

மகள் சிரித்துவிட்டாள். சலூன்காரர் சிரிக்கவில்லை. "ஒரு கழுதையையே தூக்கிருச்சாம்" என்றார்.

"கழுதை ஓடியிருக்கும். மேல இருக்கறவங்க ஒண்ணு சொல்வாங்க. ஓடறவன் அதுக்கு இரை, நடக்கறவன் அதுக்கு வழிப்போக்கன்னு. நான் என்னிக்கு ஓடினேன்? நமக்குக் கல்யாணம் ஆனப்பவே ஓடல."

அவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் அந்த மலையில் இல்லை. மறுநாள் நர்ஸ் டியூட்டிக்குப் போனதும் சலூன்காரர் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். மகளுடையது அச்சுக் கோத்தது போல.

"எழுதும்மா. ஐயா அவர்களுக்கு, ஊர்ப் பொதுமக்கள் பணிவுடன் எழுதிக்கொள்ளும் மனு."

"அப்பா, இது அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் உசிரோட இருந்து திட்டுவா. அது போதும் எனக்கு."

மகளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. எழுதிக் கொடுத்தாள். ஆபத்தான மிருகம் நடமாடுவதால் நர்ஸை உடனே கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தரும்படி ஊரே கேட்டுக்கொள்வதாக மனு. கையெழுத்துக்கு சலூன்காரர் எங்கும் அலையவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, முகம் பூராவும் நுரை பூசினபிறகு மனுவையும் பேனாவையும் நீட்டினார். கழுத்தருகே கத்தி இருக்கும்போது யார் மறுப்பார்கள்? இரண்டே நாளில் பதினேழு கையெழுத்து சேர்ந்தது. தபாலில் போட்டார்.

போட்டுவிட்டால் பயம் தீர்ந்துவிடுமா? அரசாங்கத்துக் காகிதம் ஆமை நடை நடக்கும். புதன்கிழமை குதிரை வேகத்தில் வந்துவிட்டது. நர்ஸ் பெட்டியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, சலூன்காரர் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். கையில் ஒரு குடை, ஒரு காலி டின், அதைத் தட்ட ஒரு கரண்டி.

"எங்க கிளம்பிட்டீங்க, பொரி விக்கவா?"

"நானும் வர்றேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "செருப்பை மாத்துங்க. அதுல வழுக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஏற்றத்தில் அவருக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. பத்தடிக்கு ஒரு முறை டின்னைத் தட்டினார். பாறை எல்லாம் பிடரியனாகத் தெரிந்தது. நர்ஸ் முன்னால் சீரான நடையில் போய், வளைவு தோறும் நின்று, அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பாள். இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் மனைவி மலை ஏறும்போது எப்படி மூச்சு விடுவாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மேல் குடியிருப்பில் அவளைப் பார்க்க அவருக்கு வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் அவளுக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். குழந்தைகள் ஊசிக்கு அழுதுகொண்டே அவள் மடியிலேயே ஏறின. அவளைவிட இரண்டு மடங்கு இருந்த ஒருவனை, மாத்திரையை ஆட்டுக்குப் போட்டதற்காக, நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் தலையைக் குனிந்து கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். அவள் திட்டுவது தன்னை மட்டும் இல்லை என்று சலூன்காரருக்கு ஒரு நிம்மதி. கூடவே கொஞ்சம் பெருமையும்.

அடுத்த வாரம் டின் வரவில்லை. அதற்குப் பதில் கத்தரி, சீப்பு, படிகாரக் கட்டி எல்லாவற்றையும் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டார். அந்தக் குடியிருப்பில் முடியை ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்தரியாலேயே வெட்டிக்கொள்வார்கள் என்பதை முதல் தடவையே கவனித்து வைத்திருந்தார். நர்ஸ் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தார். ஊசி போட்டு அழுத குழந்தையை இந்தப் பக்கம் தள்ளினால், "தலையை ஆட்டாதே ராசா, ஆட்டினா காது ஓடிப்போயிரும், அப்புறம் எங்கேன்னு தேடுவே" என்று ஒரே சீராகப் பேசிக்கொண்டே முடியை இறக்கிவிடுவார். குழந்தை அழ மறந்துவிடும்.

இறங்கும்போது வழியில் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை வெயிலில் நீட்டினாள். அவர் முட்டையை உரித்து உப்பைத் தொட்டு நீட்டினார். கடையும் டியூட்டியும் மகளின் படிப்புமாக ஓடிய வருஷங்களில் இப்படி ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக இருவருக்குமே ஞாபகமில்லை.

"உங்களுக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்குத் தெரியாது" என்றாள் அவள்.

"நாள் பூரா பேசறதுதானே என் தொழில்."

"கடையில பேசறீங்க. வீட்டுக்கு வந்தா வாயைப் பூட்டி சாவியை எங்கயோ வச்சுடறீங்க."

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரியே அவர் முட்டையை அவித்து வைத்துவிட்டார். பிடரியன் அடித்த செய்தி எதுவும் புதிதாக வரவில்லை. மனு ஞாபகம் வந்தபோதெல்லாம் சட்டைக்குள் விழுந்த வெட்டுமுடி போல அரித்தது. போட்ட தபாலைத் திரும்ப வாங்க முடியாது, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தோளைக் குலுக்கிவிட்டுக்கொள்வார். அந்த வாரம் மேய்ச்சல்காரர் மனைவியின் வீக்கம் முகத்துக்கு ஏறியிருந்தது. நர்ஸ் அவளை இரண்டு முறை சோதித்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் குறைவாகவே பேசினாள்.

நாலாவது புதன்கிழமை, வழக்கம்போல இடிந்த ஆட்டுப்பட்டியின் சுவரைத் தாண்டப் போகும்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சலூன்காரர், "யாருங்க" என்று கேட்க வாயைத் திறந்தார். நர்ஸின் கை அவர் முழங்கையைப் பிடித்து அப்படியே சுவருக்குப் பின்னால் இழுத்து உட்காரவைத்தது.

சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது. முப்பது முப்பத்தைந்து தப்படி தூரத்தில், பாதையின் வலது ஓரத்தில், ஒரு காட்டாடு கிடந்தது. அதன்மேல் குனிந்து ஒரு பிடரியன் தின்றுகொண்டிருந்தது. இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து, திங்கவில்லை, சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னதில் எதுவும் மிகையில்லை. வெயிலில் அந்தப் பிடரி மயிர் நுனியில் வெள்ளையாக மின்னியது. கொஞ்ச நேரம் கழித்துத் தின்றது எழுந்து வாயை நக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது. காவல் இருந்தது எழுந்து போய்க் குனிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு உறுமல்கூட இல்லை.

சலூன்காரர் ஓட்டையிலிருந்து முகத்தை எடுத்தார். "திரும்பிப் போயிரலாம்" என்றார், காற்று மட்டும் வெளியே வர.

"கொஞ்சம் பாப்போம். தின்னுட்டுப் போயிடும்."

போகவில்லை. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். நர்ஸ் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த சின்ன வெப்பமானியைப் பார்த்தாள். "ஐஸ் இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும். மருந்து போனாக்கூட அடுத்த வாரம் கொண்டு வரலாங்க. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது. போன தடவை பிரஷர் பாத்தேன்ல, இன்னிக்கும் அப்படியே இருந்தா கீழ இறக்கியே ஆகணும்."

"அது ரெண்டும் பாதையிலேயே உக்காந்திருக்கே."

"ஓரமாத்தான் உக்காந்திருக்கு. நாம இந்த ஓரமாப் போவோம். ஓடக் கூடாது, நிக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. நீங்க பேசிக்கிட்டே வாங்க."

"என்ன பேச?"

"எதையாவது. பிள்ளைங்களுக்கு முடி வெட்டறப்ப பேசுவீங்களே, அந்தக் குரல்ல. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நான் பாத்துட்டேன், அந்தக் குரலைக் கேட்டா எதுவும் மிரளாது."

அவர் எழுந்தது எப்படி என்று பிற்பாடு அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் எழுந்துவிட்டாள், முழங்கை அவள் பிடியில் இருந்தது, அதனால் எழுந்தார்.

"நம்ம தபால்காரருக்குத் தலையில ரெண்டு சுழி" என்று தொடங்கினார். "முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. எந்தப் பக்கம் சீவினாலும் ஒண்ணு எந்திரிச்சு நிக்கும். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்னா, முதல்ல ஈரம் பண்ணிக்குவேன். நல்லா ஈரம் பண்ணிட்டு, சீப்பை இப்படிச் சாய்ச்சுப் பிடிப்பேன்."

காவல் இருந்த பிடரியன் தலையைத் திருப்பியது. எழுந்தது. முதுகு நெடுக மயிர் மெதுவாக நிமிர்ந்தது. அவர்கள் அதற்கு நேராக வந்தார்கள், தாண்டினார்கள். பின்னால் சரளைக் கல் நெரிந்தது. ஒரு அடி. இன்னொரு அடி.

"வருதா?" என்றார், அதே குரலில்.

"வருது. தபால்காரரை விடாதீங்க."

தபால்காரர் முடிந்தார். வாத்தியார் காதோரம் மட்டும் சாயம் பூசுகிற கதை முடிந்தது. லாரிக்காரரின் மச்சத்தைச் சுற்றி எப்படிக் கத்தியை ஓட்ட வேண்டும் என்பதும் முடிந்தது. பின்னால் அந்த நடை அப்படியே வந்துகொண்டிருந்தது, இருபது தப்படி இடைவெளியில், கூடாமல் குறையாமல். ஒரு முறை செருமியது. குடியிருப்பின் கல்வேலி இன்னும் அரை மைல்.  சலூன்காரருக்குச் சொல்லக் கதை ஒன்றும் மிச்சமில்லை. வாயை மூடினால் கால் ஓடிவிடும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. உள்ளே மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்புறம் அந்த மனு. உன்னை டவுனுக்கு மாத்தச் சொல்லி ஒரு மனு போச்சு. ஊர்க்காரங்க போட்ட மாதிரி. அதைப் போட்டது நான்தான்."

"தெரியும்" என்றாள் நர்ஸ், பிசிறில்லாத குரலில். "திங்கக்கிழமையே ஆர்டர் வந்துடுச்சு. இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. நேராப் பாருங்க, உங்க நடை வேகமாகுது."

அவர் நடையைக் குறைத்தார். "நான்தான்னு எப்படி..."

"மனுவோட நகலையும் சேத்து அனுப்பியிருந்தாங்க. நம்ம பொண்ணு 'ழ'வுக்குப் போடற சுழி எனக்குத் தெரியாதா? ஊர்ப் பொதுமக்கள் அத்தனை பேரும் நம்ம பொண்ணு மாதிரியே எழுதுவாங்களாக்கும். பதினேழு கையெழுத்துல நாலு நுரை பட்டு அழிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுமா ரெண்டு நாளா ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்றதுக்கு எத்தனை நாள் ஆகும்னு பாத்தேன்."

"கோபமா?"

"அது பின்னால வர்றதால மெதுவாச் சொல்றேன். ரொம்பக் கோபம்."

கொஞ்ச தூரம் சரளைக் கல் சத்தம் மட்டும்.

"பேசுங்க" என்றாள் அவள்.

"உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்."

"அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா என் வேலையை என்கிட்டக் கேக்காம எடுத்துட்டீங்க. பிடரியன்கூடக் கழுதையைத்தான் எடுத்துச்சு, அதுவும் பசிக்கு. நான் போயிட்டா இந்த இடத்துக்கு வேற ஆள் போடலன்னு ஆர்டர்லயே எழுதியிருக்கு. மேல இருக்கற முப்பது வீட்டுக்கும் என்ன சொல்லிட்டுப் போறது? எங்க வீட்டுக்காரருக்குப் பயமா இருந்துச்சுன்னா?"

"தப்புதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க. குரல் நடுங்குது, சீராச் சொல்லுங்க."

"தப்புதான்" என்றார், குழந்தைக்கு முடி வெட்டும் குரலில். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கப் பயந்து அப்படியே நடந்தார்.

அவள் முழங்கையை விட்டுவிட்டு அவர் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தீர்ந்து பிடித்ததாக அவருக்குப் படவில்லை. இருந்தாலும் பிடித்தாள்.

கல்வேலியின் வாசலில் நுழைந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். பிடரியன் ஐம்பது தப்படிக்கு அப்பால் நின்றிருந்தது. நின்ற மயிர் படிந்துவிட்டது. தன் இரையை விட்டு இவர்கள் விலகிவிட்டார்களா என்று கடைசிவரை கூடவே வந்து பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு திரும்பி, வந்த வழியே, அவசரமில்லாமல் தன் துணையிடம் போனது. சலூன்காரர் வேலிக்கல்லில் உட்கார்ந்தவர் கால் மணி நேரம் எழவில்லை.

மேய்ச்சல்காரர் மனைவிக்குப் பிரஷர் நூற்று எழுபது. தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். "இப்பவே இறங்கணும்" என்றாள் நர்ஸ். இரண்டு மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டிப் படுக்கவைத்து ஆறு பேர் தூக்கினார்கள். மாற்றித் தூக்க இன்னும் ஆறு பேர். சலூன்காரர் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நடந்தார். நர்ஸ் ஒன்றும் சொல்லாமலே அவர் பேச்சைத் தொடங்கிவிட்டார். தபால்காரரின் இரட்டைச் சுழி, வாத்தியாரின் சாயம். அந்தப் பெண் வலிக்கு நடுவே ஒரு முறை சிரித்தாள். ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் எலும்பும் கொம்பும்தான் கிடந்தன. கூட்டத்தைக் கண்டு ஜோடி விலகியிருந்தது.

நர்ஸ் காலையிலேயே சொல்லிவைத்திருந்த ஜீப் ரோடு முனையில் காத்திருந்தது. மறுநாள் டவுன் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் தாய் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். மேய்ச்சல்காரர் கடைக்கு வந்து சலூன்காரர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நர்ஸம்மா இல்லேன்னா என் குடும்பமே இல்லீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சலூன்காரருக்கு நிற்கிற இடம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வீட்டில் நர்ஸ் தேவைக்கு மட்டும் பேசினாள். "சோறு வச்சிருக்கு." "விளக்கை அணைங்க." சனிக்கிழமை சலூன்காரர் மகளிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"என்னால ஆகாதுப்பா" என்றாள் மகள். "முதல் மனுவுக்கே அம்மா என் முகத்தைப் பாக்கறதில்ல. இதை உங்க எழுத்துலயே எழுதுங்க. அப்பதான் நீங்க எழுதினதுன்னு நம்புவாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செங்கல் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் மாவட்ட அலுவலகத்தில் பதினொரு மணிவரை பெஞ்சில் காத்திருந்தார். அதிகாரி பெண்மணி, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் தாளைப் பார்த்தார்.

"இது என்ன மொழிங்க?"

"தமிழ்தாங்கம்மா. என் கையெழுத்து கொஞ்சம்..."

"நீங்களே படிச்சுடுங்க."

அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். சலூன்காரர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். "போன மாசம் வந்த மனு ஊர்ப் பொதுமக்கள் எழுதினது இல்லை. நான் எழுதச் சொன்னது. கையெழுத்துப் போட்டவங்க என் கடையில முகச்சவரத்துக்கு வந்தவங்க, அவங்க பேர்ல தப்பு இல்லை. மலையில மிருகம் இருக்கறது நிஜம். ஆனா பயந்தது ஊர் இல்லை, நான் ஒருத்தன்தான். என் மனைவியைக் கேக்காம இதைச் செஞ்சேன். அவங்க இல்லேன்னா மேல முப்பது வீட்டுக்கு ஆள் இல்லை. மாத்தல் உத்தரவை ரத்து செய்யணும். எனக்கு என்ன தண்டனையோ அதைக் குடுங்க."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"அந்த மிருகம் இன்னும் அங்கதானே இருக்கு?"

"இருக்குங்கம்மா. ஜோடியா இருக்கு."

"நாளைக்கே அவங்களுக்கு ஏதாவது ஆனா திரும்ப வந்து என் மேல மனு போடுவீங்களா?"

சலூன்காரர் யோசித்தார். "அழுவேன். மனு போட மாட்டேன்" என்றார்.

அதிகாரி தாளை வாங்கி மேலே ஒரு மூலையில் எழுதினார். "எப்படியும் அந்த மலைக்குப் போக நான் யாரைக் கேட்டாலும் மாட்டேன்னு தலையை ஆட்டறாங்க. ஆர்டரை நிறுத்தி வைக்கறேன். கடிதம் ஒரு வாரத்துல வரும். அதைத் தமிழ்ல டைப் பண்ணி அனுப்பறோம், கவலைப்படாதீங்க."

கடிதம் எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரரே கடைக்குள் வந்து கொடுத்துவிட்டு, "என் சுழியைப் பத்தி மேல் குடியிருப்பு வரைக்கும் பேசிக்கறாங்களாமே" என்று ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். சலூன்காரர் உறையைப் பிரிக்காமல் கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார்.

மத்தியானம் டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் கடை வழியாகவே உள்ளே நுழைந்தாள். எப்போதும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் போவாள். உறையைப் பார்த்தாள், கிழித்தாள், படித்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, கால் சரியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. கொண்டையை அவிழ்த்தாள். முடி நாற்காலி முதுகுக்குப் பின்னால் விழுந்தது. பாதிக்கு மேல் நரை.

"வெட்டிவிடுங்க."

"நிஜமாவா?"

"ஏறும்போது வேர்வையில கழுத்துல ஒட்டுது. எரிச்சலா இருக்கு. தோளுக்கு மேல நிக்கற மாதிரி."

அவர் துணியை உதறி அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரம் சீவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குப் புதன்கிழமை" என்றார்.

"ஆமா."

"நானும்..."

"மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, போதும். வாராவாரம் வெட்ட அவங்க தலையில முடி வளர வேண்டாமா?" கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். "முட்டை மட்டும் வாராவாரம் அவிச்சுக் குடுங்க. ஒண்ணு போதாது, ரெண்டு."

அவர் தலையை ஆட்டினார். கத்தரியை எடுத்து முதல் கற்றையைப் பிடித்தார். அது தரையில் விழுந்தபோது அவள் கண்ணை மூடினாள். கத்தரி சீராக ஓடியது. இரண்டாம் பக்கம் பாதி வந்தபோது அவள் தலை கொஞ்சம் சாய்ந்தது. மூச்சு நீண்டது. மலை ஏறும்போது விடுகிற மூச்சு வேறு, இது வேறு.

வாசலில் லாரிக்காரர் வந்து நின்றார். "மாஸ்டர்" என்று தொடங்கினார். சலூன்காரர் கத்தரியை மேலே தூக்கி, இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்தார். லாரிக்காரர் நாற்காலியில் தூங்குவது யாரென்று எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.